பதிவு தானாக வெளியாகட்டும், பகிர்வு வரியை நீங்கள் எழுதுங்கள்

வலைப்பதிவு எழுதுகிற பலரும் வேலை, வீடு, பிள்ளைகள் எல்லாம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதி முடித்த கையோடு வெளியிட்டு, லிங்க்கை ஃபேஸ்புக்கில் ஒட்டி, வாட்ஸ்அப்பில் நாலு குழுவில் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். அந்த நேரத்தில் அதைப் படிக்க யாரும் விழித்திருப்பதில்லை, காலையில் எல்லாரும் போனைத் திறக்கும்போது அது எங்கோ கீழே போயிருக்கும். நாள்கணக்கில் உழைத்து எழுதிய கட்டுரைக்கு இது நியாயமே இல்லை.

பல வலைப்பதிவுகளின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தளங்களைத் திரட்டி என்போம், 2004-இல் தமிழ்மணம் என்ற திரட்டி வந்த பிறகு சில ஆண்டுகள் அவையே வாசகர்களைக் கொண்டுவந்து சேர்த்தன. பதிவு போட்டால் முகப்பில் தலைப்பு வரும், ஆட்கள் வருவார்கள். இப்போது அந்த வேலையை நாமேதான் செய்யவேண்டும், அதுவும் ஐந்தாறு இடத்தில். தினமும் கையால் செய்துகொண்டிருந்தால் எழுதுகிற ஆசையே போய்விடும். அதனால் நேரத்தையும் அனுப்பும் வேலையையும் இயந்திரத்திடம் கொடுத்துவிடலாம் என்பதுதான் என் கட்சி. ஆனால் பகிர்வோடு போகிற அந்த இரண்டு வரியை மட்டும் எந்தக் கருவியிடமும் கொடுக்காதீர்கள், அதை நீங்களே எழுதுங்கள், பதிவை எழுதிய சூடு ஆறுவதற்குள் எழுதுங்கள்.

முதலில் கடிகாரம்

வலைப்பதிவு நடத்தப் பலரும் பயன்படுத்துகிற வேர்ட்பிரஸ், கூகுளின் பிளாக்கர் இரண்டையும் வைத்துத்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் தளத்தின் டைம்சோனை, அதாவது அது எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். நேரம் குறித்த பதிவு ஏதோ ஒரு நேரத்தில் வெளியாகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான். வேர்ட்பிரஸ்ஸைப் புதிதாக நிறுவும்போது அது உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். நீங்கள் காலை 6 மணி என்று குறித்தால் இந்தியாவில் பகல் 11:30-க்குத்தான் வெளியாகும். செட்டிங்ஸ், ஜெனரல் என்று போய், டைம்சோன் பட்டியலில் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுங்கள். இலங்கையில் இருந்தால் கொழும்பு, சிங்கப்பூரில் இருந்தால் சிங்கப்பூர். ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்லது, யூடிசி கூட்டல் இத்தனை என்கிற வகையை விட்டுவிடுங்கள். லண்டனிலோ டொரண்டோவிலோ இருப்பவர்களுக்குக் கோடையில் கடிகாரம் ஒரு மணி நேரம் மாறும், ஊர்ப் பெயரைக் கொடுத்திருந்தால் அந்த மாற்றத்தைத் தளம் தானே பார்த்துக்கொள்ளும்.

பிளாக்கரில் செட்டிங்ஸ் பக்கத்தில் ஃபார்மேட்டிங் என்ற பகுதிக்குள் டைம்சோன் இருக்கிறது. பலருடைய தளத்தில் அது அமெரிக்க பசிபிக் நேரமாகவே கிடக்கும். அங்கே நள்ளிரவு என்றால் இங்கே நண்பகல் தாண்டிவிடும்! அப்புறம் தேதி. பிளாக்கரை அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருந்தால் மாதம் முன்னால், நாள் பின்னால் வரும். ஜூன் 5 என்று நினைத்துக்கொண்டு மே 6-க்குக் குறித்துவிட வாய்ப்பு இருக்கிறது, ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

பதிவுக்கு நேரம் குறிப்பது

வேர்ட்பிரஸ்ஸில் பதிவை எழுதும் பக்கத்தின் வலது ஓரத்தில் வெளியிடும் நேரம் என்ற இடத்தில் 'உடனடியாக' என்று இருக்கும். அதை அழுத்தினால் நாள்காட்டி திறக்கும், வருகிற ஒரு நாளையும் நேரத்தையும் கொடுத்தால் 'வெளியிடு' பொத்தான் 'ஷெட்யூல்' என்று மாறிவிடும். அழுத்துங்கள், முடிந்தது. பிளாக்கரிலும் வலப்பக்கப் பட்டையில் வெளியிடும் தேதி என்பதைத் திறந்து, தானியங்கி என்பதை விட்டு நேரம் குறிக்கும் தேர்வுக்கு மாறி, நேரம் கொடுத்து, வழக்கமான வெளியிடு பொத்தானையே அழுத்தவேண்டும். பட்டியலில் அந்தப் பதிவு 'ஷெட்யூல்டு' என்று வந்துவிட்டால் சரி.

பிளாக்கரில் இதற்கு மேல் கவலைப்பட ஒன்றுமில்லை, கூகுளின் சர்வர் பார்த்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ்.காமிலும் அப்படித்தான். சொந்தமாக ஹோஸ்டிங், அதாவது சர்வரில் இடம், வாங்கி வேர்ட்பிரஸ் நடத்துகிறவர்களுக்குத்தான் ஒரு சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேர்ட்பிரஸ்ஸுக்குள் 'டபிள்யூபி-கிரான்' என்று ஒன்று இருக்கிறது. நேரத்துக்கு வேலை செய்வது அதன் பொறுப்பு, ஆனால் அது எப்போதும் ஓடிக்கொண்டிருப்பதில்லை. யாராவது உங்கள் தளத்துக்கு வந்து ஒரு பக்கத்தைத் திறக்கும்போதுதான் அது எழுந்து, ஏதாவது வேலை பாக்கி இருக்கிறதா என்று பார்க்கிறது. காலை 6 மணிக்குக் குறித்திருக்கிறீர்கள், 6 முதல் 8:40 வரை யாருமே வரவில்லை என்றால் பதிவு 8:40-க்குத்தான் வெளியாகும். வாசகர் குறைவாக இருக்கிற புதுத் தளங்களில் இது சாதாரணமாக நடக்கும். தளத்தை வேகமாக்கச் சேர்க்கிற கேஷ் பிளக்இன் என்ற கூடுதல் நிரலைப் போட்டிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வருகிறவருக்குச் சேமித்து வைத்த பக்கத்தையே காட்டி அனுப்பிவிடும், வேர்ட்பிரஸ் எழுந்திருக்கவே வாய்ப்பிருக்காது. பதிவுப் பட்டியலில் 'மிஸ்டு ஷெட்யூல்' என்று சிவப்பில் வந்தால் பெரும்பாலும் கதை இதுதான்.

இதற்கு நிரந்தரத் தீர்வு இருக்கிறது. உங்கள் ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கமான சிபேனலுக்குள் 'கிரான் ஜாப்ஸ்' என்ற இடத்தில், தளத்தின் டபிள்யூபி-கிரான் கோப்பை 10 அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடும்படி ஒரு வேலையைச் சேர்த்துவிடுங்கள். பிறகு வேர்ட்பிரஸ்ஸின் அமைப்புகள் இருக்கிற டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் உள்ளே ஓடுகிற கிரானை நிறுத்தும் ஒரு வரியைச் சேர்க்கவேண்டும், அந்த வரி வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரபூர்வ உதவிப் பக்கத்திலேயே இருக்கிறது, அப்படியே எடுத்து ஒட்டலாம். வரிசை முக்கியம்: முதலில் சிபேனல் வேலை, அது சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் இந்த வரி. மாற்றிச் செய்தால் இரண்டுமில்லாமல் எந்தப் பதிவும் வெளியாகாமல் நின்றுவிடும். கோப்பில் கை வைக்கப் பயமாக இருந்தால் ஹோஸ்டிங் உதவிக் குழுவிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

தமிழ்த் தலைப்பும் லிங்க்கும்

ஆங்கில வழிகாட்டிகளில் இதைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது, நமக்கோ இதுதான் முதல் தலைவலி. தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே லிங்க்காக மாற்றும். பார்வைக்கு அழகாக இருந்தாலும் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறிகளும் எழுத்துகளுமாக ஒன்பது எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற சொல் மட்டும் 45 எழுத்து. லிங்க்கின் இந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கிற இடமோ 200 எழுத்துதான். 'மாடித்தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி' என்று தலைப்பு வைத்தால், லிங்க் 'மாடித்தோட்டத்தில்-கத்தர' என்பதோடு அறுந்து நிற்கும். அதை நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நாலைந்து வரிக்கு வெறும் சதவீதக் குறிகளாகத் தெரியும், பார்க்கிறவர் இது ஏதோ வைரஸ் என்று நினைத்து விலகிப் போவார்.

பிளாக்கர் வேறு மாதிரி. தமிழ் எழுத்துகளை அது லிங்க்கில் எடுத்துக்கொள்வதே இல்லை, எல்லாப் பதிவுக்கும் 'பிளாக்-போஸ்ட்' என்றும் அதன் பின்னால் ஒரு எண்ணும் போட்டுவிடும். எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். நேரம் குறிப்பதற்கு முன்னால் பெர்மாலிங்க் என்ற இடத்துக்குப் போய், ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லில் சின்னதாக நீங்களே ஒரு லிங்க் கொடுங்கள். ஆங்கிலச் சொல்லாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, தமிழையே ஆங்கில எழுத்தில் எழுதலாம். இடையில் சிறுகோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். வெளியான பிறகு இதை மாற்றவே மாற்றாதீர்கள். வேர்ட்பிரஸ் பழைய லிங்க்கில் வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடும், பிளாக்கர் தானாக அப்படிச் செய்யாது, நீங்கள் பகிர்ந்த இடமெல்லாம் 'பக்கம் இல்லை' என்று 404 காட்டும்.

படம் வந்தால்தான் கண் நிற்கும்

லிங்க்கைப் பகிரும்போது கூடவே வருகிற படம், தலைப்பு, இரண்டு வரி விவரம் மூன்றையும் ஃபேஸ்புக்கோ டெலிகிராமோ உங்கள் பக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. 'ஓப்பன் கிராஃப்' என்று 2010-இல் ஃபேஸ்புக் கொண்டுவந்த முறை இது, இன்று பெரும்பாலான தளங்கள் இதைத்தான் படிக்கின்றன. வேர்ட்பிரஸ் தானாக இந்தக் குறிப்புகளைச் சேர்க்காது, யோஸ்ட், ரேங்க் மேத், ஜெட்பேக் ஆகிய பிளக்இன்களில் ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்று போதும், மூன்றையும் போட்டு ஒன்றோடொன்று மோதவிடாதீர்கள். பிளாக்கரில் பதிவின் முதல் படம்தான் பொதுவாக முன்னோட்டத்தில் வரும். விவர வரிகளுக்கு செட்டிங்ஸில் மெட்டா டேக்ஸ் என்ற இடத்தில் தேடல் விவரத்தை இயக்கிவிடுங்கள், அதன் பிறகு ஒவ்வொரு பதிவிலும் அதற்கென்று ஒரு பெட்டி வரும்.

படத்தின் அளவு 1200-க்கு 630 பிக்சல் இருந்தால் ஃபேஸ்புக்கிலும் லிங்க்ட்இன்னிலும் வெட்டுப்படாமல் நிற்கும். படத்தின் மேல் தமிழில் தலைப்பு எழுதுகிறவர்கள் எழுத்தைப் பெரிதாக வையுங்கள். கம்ப்யூட்டர் திரையில் தெளிவாகத் தெரிகிற கொம்பும் சுழியும் போனில் சுருங்கிப் போய், 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும். நாலு சொல்லுக்கு மேல் படத்தில் வேண்டாம்.

பழைய படமே திரும்பத் திரும்ப வந்தால் ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் பக்கத்தில் உங்கள் லிங்க்கைக் கொடுத்து 'ஸ்க்ரேப் அகெய்ன்' அழுத்துங்கள், புதிதாக வந்து எடுத்துக்கொள்ளும். லிங்க்ட்இன்னுக்கு போஸ்ட் இன்ஸ்பெக்டர், டெலிகிராமுக்கு வெப்பேஜ்பாட். பதிவு வெளியாவதற்கு முன்னால் இதைச் செய்து பயனில்லை, அந்த லிங்க் அப்போது வெளியாருக்குத் திறக்காது.

எங்கே தானாகப் போகும், எங்கே போகாது

இதைத் தெரிந்துகொள்ளாமல் கருவிகளைத் தேடி அலைகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் சொந்த ஃபேஸ்புக் ப்ரொஃபைலில் எந்த வெளிக் கருவியாலும் தானாகப் பதிவிட முடியாது. 2018 ஆகஸ்ட் மாதத்திலேயே அந்த வாசலை அவர்கள் மூடிவிட்டார்கள். ஃபேஸ்புக் குழுக்களுக்கு இருந்த வழியும் 2024-இல் போய்விட்டது. மிச்சம் இருப்பது பேஜ் மட்டும்தான். அதனால் வலைப்பதிவுக்கென்று ஒரு பேஜ் இல்லையென்றால் இன்றே ஒன்று தொடங்குங்கள், ஐம்பது பேர் இருந்தாலும் பரவாயில்லை.

இன்ஸ்டாகிராமில் கணக்கு புரொஃபெஷனல் வகையாக இருக்கவேண்டும், அப்போதுதான் கருவிகள் இணையும். அங்கே படத்துக்குக் கீழே எழுதுகிற லிங்க்கை யாராலும் அழுத்த முடியாது, வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். ஆகவே லிங்க் ப்ரொஃபைலில்தான் இருக்கவேண்டும், 2023 முதல் அங்கே ஐந்து லிங்க் வரை வைத்துக்கொள்ளலாம். பதிவிலிருந்து ஒரு நல்ல பத்தியை எடுத்துப் படமாகப் போட்டால் வேலை செய்யும், வெறும் லிங்க் பகிர்வுக்கு இன்ஸ்டாகிராம் சரியான இடமில்லை.

ட்விட்டர், இப்போதைய எக்ஸ், 2023-இல் தன் ஏபிஐக்கு, அதாவது வெளிக் கருவிகள் வந்து இணைகிற வாசலுக்கு, கட்டணம் கொண்டுவந்தது. அதன் பிறகு வேர்ட்பிரஸ்.காமும் ஜெட்பேக்கும் அங்கே தானாகப் பகிர்வதை அந்த ஆண்டே நிறுத்தின, ஒரு தளத்தில் வருவதை இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் இஃப்ட் (IFTTT) கருவியில் எக்ஸ் இணைப்பு கட்டணத் திட்டத்துக்குப் போனது. எக்ஸ் முக்கியம் என்றால் அவர்களுடைய இணையப் பக்கத்திலேயே நேரம் குறிக்கும் வசதி இருக்கிறது, எழுதும் பெட்டிக்குக் கீழே நாள்காட்டிச் சின்னம், அதுவே போதும்.

வாட்ஸ்அப்தான் நம் ஊரில் பெரிய வாசல் என்று எனக்குத் தெரியும். ஆனால் குழுக்களுக்குத் தானாக அனுப்புவதாகச் சொல்லி விற்கிற அங்கீகாரமில்லாத செயலிகளைத் தொடாதீர்கள். அப்படி அனுப்புவது வாட்ஸ்அப்பின் விதிகளுக்கு விரோதம், உங்கள் எண்ணையே முடக்கிவிடுவார்கள், பள்ளி நண்பர்கள், வங்கி, வீடு என்று எல்லாம் அந்த எண்ணில்தானே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கையாலேயே போடுங்கள். எல்லாக் குழுவிலும் போடாமல், அந்த விஷயத்தில் உண்மையாகவே அக்கறை இருக்கிற ஒன்றிரண்டில் மட்டும் போடுங்கள்.

டெலிகிராம் இதற்கு நேர் எதிர், தானியங்கிக்கு அதைப் போல எளிதான இடம் வேறில்லை. ஒரு சேனல் தொடங்கி, 'பாட்' என்கிற தானியங்கிக் கணக்கை அதற்கு அட்மின் ஆக்கினால் போதும். அந்தக் கணக்கே வேண்டாம் என்றாலும் செய்தியை எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறிக்கச் சொல்லிக் கேட்கும்.

மூன்று வழிகள், அதில் என் தேர்வு

வேர்ட்பிரஸ்ஸில் இருப்பவர்களுக்கு ஜெட்பேக் சோஷியல் எளிது. ஃபேஸ்புக் பேஜ், லிங்க்ட்இன், மாஸ்டடான் என்று வேண்டியதை ஒருமுறை இணைத்துவிட்டால், பதிவை எழுதும் பக்கத்திலேயே பகிர்வுச் செய்திக்கு ஒரு பெட்டி வரும். அதில் எழுதி வைத்துவிட்டுப் பதிவுக்கு நேரம் குறித்தால், பதிவு வெளியான உடனே பகிர்வும் போகும். தனியாக இன்னொரு நேரம் குறிக்கவேண்டாம், பதிவு தாமதமானால் பகிர்வும் கூடவே தாமதமாகும், இறந்த லிங்க் போய்ச் சேரும் ஆபத்து இல்லை. அந்தப் பெட்டியைக் காலியாக மட்டும் விடாதீர்கள்.

பிளாக்கரில் இப்படி உள்ளேயே ஒன்று கிடையாது. கூகுள் பிளஸ் இருந்தவரை அதற்குத் தானாகப் போகும், 2019 ஏப்ரலில் அது மூடப்பட்டதோடு சரி. ஆகவே ஃபீட் வழியாகப் போகவேண்டும். ஒவ்வொரு வலைப்பதிவுக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் என்று ஒன்று இருக்கிறது, புதுப் பதிவு வந்தால் அதில் தலைப்பும் லிங்க்கும் சேரும். இஃப்ட், ஜாப்பியர், டெலிவர்இட் போன்ற கருவிகளில் கணக்குத் தொடங்கி உங்கள் ஃபீட் முகவரியைக் கொடுத்து, புதியது வந்தால் என் ஃபேஸ்புக் பேஜில் போடு, டெலிகிராம் சேனலில் போடு என்று சொல்லிவிடலாம். இலவசத் திட்டத்தில் உடனுக்குடன் பார்க்காது, ஒரு மணி நேரம்கூடப் பிந்தலாம். காலை 7 மணிக்குப் பகிர்வு போகவேண்டும் என்றால் பதிவை 6 மணிக்கே வெளியிடக் குறித்து வையுங்கள். இதில் இருக்கிற குறை என்னவென்றால் தலைப்பும் லிங்க்கும் மட்டும்தான் போகும், உங்கள் குரல் இருக்காது. டெலிகிராம் சேனலுக்கு அது போதும், அங்கே இருப்பவர்கள் உங்கள் பதிவு வந்தால் சொல் என்று கேட்டுச் சேர்ந்தவர்கள். ஃபேஸ்புக்கில் அது எடுபடாது.

மூன்றாவது வழி பஃபர், ஃபேஸ்புக் நிறுவனத்தின் மெட்டா பிசினஸ் சூட் போன்ற பகிர்வுக் கருவிகளில் ஒவ்வொரு பகிர்வையும் தனித்தனியாக எழுதி நேரம் குறிப்பது. பஃபரின் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைக்கலாம், கணக்குக்குப் பத்துப் பகிர்வுகளை வரிசையில் வைக்கலாம், வாரம் ஒரு பதிவு எழுதுகிறவருக்கு இதுவே தாராளம். மெட்டா பிசினஸ் சூட் ஃபேஸ்புக் பேஜுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் இலவசம். என்னைக் கேட்டால் டெலிகிராமுக்கு ஃபீட் வழி, ஃபேஸ்புக்குக்கும் மற்றவற்றுக்கும் இந்த மூன்றாவது வழி. கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் ஒவ்வொரு இடத்திலும் அந்த இடத்து மனிதர்களோடு பேச முடிகிறது.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. பதிவு 6 மணிக்கு, பஃபர் பகிர்வும் 6 மணிக்கு என்று வைக்காதீர்கள். பதிவு இரண்டு நிமிடம் பிந்தினாலும் ஃபேஸ்புக் வந்து பார்க்கும்போது பக்கம் இருக்காது, படமும் வராது. அரை மணி நேர இடைவெளி விடுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் நேரம் குறித்த உடனேயே பதிவின் லிங்க் என்னவாக இருக்கும் என்று தெரிந்துவிடும், அதை எடுத்து பஃபரில் ஒட்டிவைக்கலாம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் கணக்கை இணைக்கும்போது ஃபேஸ்புக்கின் சொந்தப் பக்கத்துக்கு அழைத்துப் போய் அனுமதி கேட்கவேண்டும். அப்படியில்லாமல் உங்கள் பாஸ்வேர்டைத் தன் பெட்டியிலேயே எழுதச் சொன்னால் அந்தக் கருவி வேண்டாம்.

அந்த இரண்டு வரி

'புதிய பதிவு, படித்துவிட்டுக் கருத்து சொல்லுங்கள்' என்று போடுகிறோமே, அதைப் பார்த்து யாரும் நிற்பதில்லை. கத்தரிக்காய்ப் பதிவையே எடுத்துக்கொள்வோம். 'மாடித்தோட்டத்தில் கத்தரிக்காய் வளர்ப்பது எப்படி' என்று தலைப்பை மட்டும் அனுப்புவதற்குப் பதிலாக, 'கத்தரிச் செடியின் நுனிக்குருத்து மட்டும் வாடித் தலை தொங்குகிறதா? உள்ளே துளைப்பான் புழு இருக்கிறது. தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிடுங்கள். மீதிப் பாதுகாப்பு இந்தப் பதிவில்' என்று எழுதிப் பாருங்கள். வீட்டில் கத்தரிச் செடி வைத்திருக்கிற யாராலும் இதைத் தாண்டிப் போக முடியாது, லிங்க்கை அழுத்தாதவருக்கும் ஒரு பயன் கிடைத்துவிடுகிறது. பதிவிலேயே உபயோகமான ஒரு விஷயத்தை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். ஒளித்து வைத்து ஆவலைத் தூண்டுவதைவிட அதற்குத்தான் மரியாதை அதிகம்.

இதைப் பதிவு எழுதும்போதே செய்யவேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுதி முடித்த அன்று எந்த வரி உங்களுக்கே பிடித்திருந்தது, எந்த இடத்தில் நீங்களே புதிதாக ஒன்று கற்றுக்கொண்டீர்கள் என்பது தெளிவாக நினைவிருக்கும். மூன்று நாள் கழித்துக் கருவியின் முன் உட்கார்ந்தால் தலைப்பைத் தவிர ஒன்றும் வராது. டிராஃப்ட்டின் அடியிலேயே மூன்று நான்கு பகிர்வு வரிகளை எழுதி வைத்து, பஃபருக்கு மாற்றிய பிறகு அங்கிருந்து அழித்துவிடுவது நல்ல பழக்கம். அழிப்பதை மட்டும் மறக்கக்கூடாது, பதிவோடு சேர்ந்து வெளியாகிவிடும்.

அளவும் பார்க்கவேண்டும். எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்து, ஆனால் நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணாது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, எக்ஸுக்கு ஐந்து: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. லிங்க் எவ்வளவு நீளமானாலும் 23 என்று எடுத்துக்கொள்ளும். மிச்சம் இருக்கிற இடத்தில் தமிழில் சுமார் 25 முதல் 30 சொற்கள் எழுதலாம். ப்ளூஸ்கையில் வரம்பு 300, அங்கே 'தமிழ்' மூன்றெழுத்துதான், ஆகவே நிறைய எழுதலாம். மாஸ்டடானிலும் த்ரெட்ஸிலும் 500. ஒரே வரியை எல்லா இடத்துக்கும் அனுப்பினால் எக்ஸில் பாதியில் அறுந்து நிற்கும் என்பதை நினைவில் வைத்து, எக்ஸுக்கு மட்டும் சுருக்கமாக ஒன்றைத் தனியே எழுதிவிடுங்கள்.

எந்த நேரம்

இந்த நேரத்தில் போட்டால் வைரல் என்று சொல்கிற பட்டியல்கள் பெரும்பாலும் அமெரிக்க அலுவலக நேரத்தை வைத்துப் போட்டவை, நமக்கு உதவாது. உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்று முதலில் பாருங்கள். கூகுள் அனலிட்டிக்ஸிலோ பிளாக்கரின் புள்ளிவிவரப் பக்கத்திலோ நாடுவாரியாகத் தெரியும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இரவு 8 மணி என்றால் துபாயில் 6:30, சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் 10:30, லண்டனில் கோடையில் பிற்பகல் 3:30, குளிர்காலத்தில் 2:30. டொரண்டோவில் அப்போதுதான் காலை பத்து மணிவாக்கு. ஒரே பகிர்வால் இவ்வளவு பேரையும் பிடிக்க முடியாது.

கனடாவில் கணிசமான வாசகர்கள் இருந்தால், அதே பதிவுக்கு வேறு ஒரு வரியோடு இரண்டாவது பகிர்வை மறுநாள் அதிகாலை 5 மணிக்குக் குறித்து வையுங்கள், அவர்களுக்கு அது முந்தைய நாள் மாலை. நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அது போய்விடும். நேரம் குறிக்கும் வசதியின் உண்மையான பலன் எனக்கு இதில்தான் தெரிகிறது.

உள்ளூர் வாசகர்களுக்குக் காலை 7 மணிக்கு முன்னால் ஒன்று, இரவு 8-லிருந்து 9 வரை ஒன்று என்று தொடங்கி, ஒரு மாதம் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளுங்கள். எந்தப் பகிர்விலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க லிங்க்கின் பின்னால் யூடிஎம் என்கிற, வாசகர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் குறிப்பு சேர்க்கலாம். முதல் மாதத்தில் அதைப் பற்றிக் கவலைப்படவேண்டாம்.

பழைய பதிவுகளை மறக்காதீர்கள்

வெளியான அன்று இரண்டு முறை பகிர்ந்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் எழுதிய நல்ல பதிவு இன்று வந்த வாசகருக்குப் புதியதுதானே. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வைத்திருக்கிறார்கள், அப்படியானால் விதை நேர்த்தி பற்றிய உங்கள் பழைய பதிவு ஜூலை இரண்டாவது வாரம் போகவேண்டும், ஆடி பிறப்பதற்குள் படிக்கிறவர் கையில் இருக்கவேண்டும். பள்ளிச் சேர்க்கை பற்றியது ஏப்ரலில், மழைக்காலக் காய்ச்சல் பற்றியது அக்டோபரில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து உங்கள் பதிவுகளை மாதவாரியாகப் பிரித்து ஒரு எக்செல் பக்கத்தில் எழுதிவிட்டால், ஒவ்வொரு மாதமும் முதல் நாள் அந்த மாதத்துக்கானதை வரிசையில் வைத்துவிடலாம். வைக்கும் முன்னால் பதிவைத் திறந்து ஒருமுறை படியுங்கள். கட்டணம், தேதி, அரசு இணையதள முகவரி எல்லாம் மாறியிருக்கும், திருத்திவிட்டு அனுப்புங்கள்.

வரிசையை எப்போது நிறுத்தவேண்டும்

தானாக ஓடுகிற எதையும் கவனிக்காமல் விடக்கூடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோதும் மக்கள் சமூக ஊடகங்களில் படகும் பாலும் மருந்தும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒரு நாளில் நடுவே உங்கள் பெயரில் ஒரு சமையல் குறிப்பு வந்து நின்றால் படிக்கிறவருக்கு எப்படி இருக்கும்? நீங்கள் குறித்து வைத்தது பத்து நாளுக்கு முன்னால் என்று அவருக்குத் தெரியாது. பஃபரில் வரிசையை அப்படியே நிறுத்தி வைக்கும் பொத்தான் இருக்கிறது, எங்கே என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், போனிலும் அந்தச் செயலி இருக்கட்டும். வேர்ட்பிரஸ், பிளாக்கர் பதிவுகளைத் திரும்ப டிராஃப்ட் ஆக்கிவிடலாம். ஃபீட் வழியாக இணைத்திருந்தால் பதிவை நிறுத்தினாலே போதும், பகிர்வும் போகாது.

மாதம் ஒருமுறை இணைப்புகளையும் பாருங்கள். ஃபேஸ்புக் பாஸ்வேர்டை மாற்றினால் கருவிகளுக்குக் கொடுத்த அனுமதி அறுந்துபோகும், லிங்க்ட்இன் அனுமதி 60 நாளில் காலாவதியாகும். கருவிகள் மின்னஞ்சல் அனுப்பும், அது ஸ்பாமில் போய் விழும், நீங்கள் பகிர்வு போகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். உங்கள் பேஜையும் சேனலையும் வாசகரைப் போல வெளியிலிருந்து திறந்து, கடைசியாக என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் நம்பகமான சோதனை.

கடைசியாக, பகிர்வு போகும் நேரத்தில் நீங்கள் விழித்திருக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் அன்றைக்குள் ஒருமுறை அங்கே போகவேண்டும். உங்கள் கத்தரிக்காய்ப் பதிவின் கீழே ஒருவர், 'என் செடியில் இலையும் மஞ்சளாகிறது, இதுவும் புழுவா?' என்று கேட்டிருப்பார். அவருக்குப் பதில் எழுதுங்கள். அதே கேள்வியை இரண்டாமவரும் கேட்டால் அடுத்த பதிவுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது, டிராஃப்ட்டைத் திறந்து தேதி குறித்து வையுங்கள்.